கை வைக்கக் கூடாத லிவர்

“நான் புது கியர் லிவர் மாட்டினதிலேர்ந்து சர்வீஸ் சென்டர்காரனுங்களுக்கு வயித்தெரிச்சல்” என்றான் கணவன். “கியர் பக்கம் சத்தம் வருதுன்னா, வெளியில வாங்கின லிவர்தான் காரணம்னு ஒரே பாட்டு. எதிர்வீட்டு சார் வண்டியிலயும் இதே லிவர்தான். எவ்வளவு அருமையா விழுது! அதை ஓட்டிப் பார்த்துட்டுத்தானே நானே வாங்கினேன்? சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்கப் போறப்ப, லிவர்ல கை வச்சீங்களான்னு கேளு. வச்சிருந்தா சும்மா விடமாட்டேன்.”

மனைவி போய் வண்டியோடு வந்தாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினான்.

“சத்தம் போயிடுச்சு பார்! கோளாறு அவனுங்க கியர் பாக்ஸ்லதான் இருந்திருக்கு. கமுக்கமா சரி பண்ணிட்டானுங்க.”

“லிவரை மாத்தியிருப்பாங்களோ?”

“மாத்தினா எனக்குத் தெரியாதா? கம்பெனி லிவர்னா மல்லுக்கட்டணும். இது வெண்ணெய் மாதிரி விழுது.”

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, இதைச் சொல்வதற்காகவே எதிர்வீட்டுக்குப் போனான்.

அவளுடைய போன் அடித்தது. சர்வீஸ் சென்டர் மேனேஜர்.

“மேடம், எதிர்வீட்டு மேடத்துக்குப் பண்ணிக்கொடுத்த மாதிரியே உங்களுக்கும் பழைய கம்பெனி லிவரை மாட்டி, மேல குமிழ் மட்டும் சாரோடதை வச்சிருக்கோம். கண்டுபிடிச்சிட்டாரா?”

எதிர்வாசலில் இரண்டு ஆண்களும் கையை ஆட்டி ஆட்டிக் கியர் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எதிர்வீட்டு சாரே ரெண்டு வருஷமா கண்டுபிடிக்கலைங்க” என்றாள் அவள். “இவரா கண்டுபிடிக்கப் போறாரு?”