ஆடும் ஸ்டீயரிங்

ஜீப்பை உயர்த்தியதிலிருந்து ஸ்டீயரிங் ஆடுகிறது என்று தவமணி மறுபடியும் வந்து நின்றார். மலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஏற்றிப் போகிற ஜீப் அது. பாதையில் பாறை அடிவயிற்றைத் தட்டுகிறதென்று அவர் கேட்கப்போய், பெரிய ஸ்பிரிங் போட்டுத் தூக்கிக் கொடுத்தது மெக்கானிக் சேவியர்தான். பழி தன் தலையில் விழுந்த கடுப்பில் புஷ், டேம்பர், அலைன்மெண்ட் என்று எதையும் அவன் சரிபார்க்காமல் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவன் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

“உங்கிட்ட மட்டும் எப்படிப்பா சாதுவா போகுது?” என்றார் தவமணி.

சேவியர் எரிச்சலோடு ஜீப்புக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தான். தவமணி குனிந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் ஆக்சில் மேல் நிற்காமல் துடித்தது.

“அண்ணே, டார்ச்ச ஆட்டாதீங்க.”

“நான் எங்கப்பா ஆட்டறேன்?”

அவர் இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்தார். வெளிச்சம் முன்னைவிட அதிகமாகத் துடித்தது.

சேவியர் ஆக்சிலை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தான். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பிள்ளைகள் கத்திப் பாடிக்கொண்டே இறங்குவதை அவன் தினமும் காலையில் கேட்கிறவன். இறுக்கமாக, நன்றாக இருந்த நட்டு ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஒரு சாமான் தேஞ்சிருக்குண்ணே. வெளியூர்லருந்து வரணும். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.”

“எப்ப வரும்?”

சேவியர் அடுத்த நட்டில் ஸ்பேனரை வைத்தான். அவனுக்குத் தெரியட்டும் என்று தவமணி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.