தப்புக்கு அடிக்கும் ஹாரன்

செம்மண்டலத்து மாடி அறையில் மாலை வெயில் லேப்டாப்பின் மேல் சாய்கிறது. நாளைய ஆன்லைன் வகுப்புக்கு எழிலரசி செய்த பயிற்சியை, பார்வையில்லாத தோழி மலர்க்கொடி சோதித்துப் பார்க்கிறாள். "பலாவுக்குப் பேர்போன ஊர் எது?" என்று கணினிக் குரல் கேட்டு, விடைகளையும் வாசிக்கிறது. மலர்க்கொடியின் விரல் பெண்ணாடம் என்ற விடையை அமுக்குகிறது. தவறான விடைக்கு வைத்த பஸ் ஹாரன் அலறுகிறது. மறுபடியும் பெண்ணாடம், மறுபடியும் ஹாரன். எழிலரசிக்கு முகம் வாடிவிடுகிறது. "பண்ருட்டிக்காரி நீயே தப்பாப் போட்டா, புள்ளைங்க என்னாடி பண்ணும்?" மலர்க்கொடி குலுங்கிச் சிரிக்கிறாள். "சரியாப் போட்டா சும்மா டிங்குன்னு மணிதான் அடிக்குது. ஹாரன்தான்டி ஜாலியா இருக்கு!" எழிலரசி லேப்டாப்பைப் பிடுங்கி, இரண்டு ஒலிகளையும் இடம் மாற்றித் தருகிறாள். பண்ருட்டி, பண்ருட்டி, பண்ருட்டி என்று மலர்க்கொடி விடாமல் அமுக்க, கீழ்வீட்டுக்காரர் படியடியில் நின்று கத்துகிறார்: "ஏம்மா, பஸ்ஸ மாடிக்கே ஏத்திட்டீங்களா?"