நொய்யலின் பேறுகால விடுப்பு

நொய்யல் ஆறு, சாயப்பட்டறையின் நிரந்தர ஊழியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆகவே, மீன்கள் முட்டையிடும் பருவத்தில் அதற்குப் பேறுகால விடுப்பு உண்டு. அந்நாள்களில் ஆற்றிலிருந்து ஒரு குடம் நீரும் எடுக்கலாகாது. பட்டறை மூடப்படும், அனைவருக்கும் சம்பளம் தொடரும்.

ஒப்பந்தத் தொழிலாளியான சிந்தாமணிக்கெனத் தனியே பேறுகால விடுப்பு கிடையாது. குழந்தை பிறந்து முப்பத்திரண்டு நாள்களே ஆகியிருந்தன. ஆற்றின் விடுப்பு அன்றோடு முடிகிறது. மறுநாள் அவள் வேலைக்கு வராவிட்டால் வேறொருத்தி வந்துவிடுவாள்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கரைக்குச் சென்றாள். ஆற்றுக் காவலர் பொன்னுரங்கம் சல்லடையால் நீரை அரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, நாளைக்குப் பட்டறை தொறந்துருமுங்களா?”

“எங்கீங் அம்மிணி! மீன்குஞ்சு இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்குது. இன்னும் ஒரு மாசம் லீவு சேத்தியாச்சு.”

“மொதலாளி ஒத்துக்கிட்டாருங்களா?”

“மூஞ்சி இஞ்சி தின்ன கொரங்காட்டம் ஆச்சு. ஆத்துக்கு லீவு குடுக்காத பட்டறையில எவன் துணி வாங்குறான்? கையெழுத்துப் போட்டுட்டாரு.”

சிந்தாமணியின் கண்கள் நிறைந்தன. மடியிலிருந்த பிரசவ லேகியத்தில் ஓர் உருண்டையை எடுத்து ஆற்றை நோக்கி நீட்டினாள்.

“அட, போட்றாதீங்! ஆத்துல எதப் போட்டாலும் அபராதமுங்.”

“புள்ளப் பெத்தவளுக்கு மருந்து குடுக்க வேண்டாமுங்களா?”

“பாலு குடுக்கறது நீங்க. அவ பேரச் சொல்லி நீங்களே தின்னுங்.”

அவள் ஆற்றை வணங்கி, லேகியத்தை வாயிலிட்டுக்கொண்டாள். குழந்தை பசியில் சிணுங்கியது. அவசரமேதுமின்றி அங்கேயே அமர்ந்து பாலூட்டினாள்.