ஒன்பதாவது தடவை

கண்டக்டர் ஏ.டி.எம். மெஷினில் அட்டையைச் செருகிவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டபாடில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் தங்கியிருக்கும் சமையல்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் மகனைத் தேடி வந்திருந்தார். இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறான் என்பது தெரியும், விலாசம் தெரியாது. போன் அடித்தால் மணி போகும், எடுக்கமாட்டான். நாலு வருடமாக இதே கதைதான்.

நாளை மறுநாள் விமானம். அதற்குள் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

திரையில் அந்த வழக்கமான கேள்வி வந்தது. உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளவா? சரியென்றால் மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை வைத்துத் தீட்டிவிடும். அவர் யோசிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினார். அந்த விவரமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட மனுஷன் தினமும் ஒரே ஒரு நோட்டுக்காக இங்கே வருவதுதான் சமையல்காரருக்குப் பொறுக்கவில்லை. காலையில்கூடச் சொல்லிப் பார்த்தார்.

“எடுக்குற காசுல பாதி கமிஷனுக்கே போகுது கண்டக்டர். ஒரே தடவையா எடுத்து வெச்சுக்கக் கூடாதா?”

மொத்தமாக வைத்திருந்தால் தொலைந்துவிடும் என்று கண்டக்டர் மழுப்பினார். சில்லறை எண்ணிப் பழகிய கை அப்படித்தான் இருக்கும் என்று சமையல்காரர் சிரித்தார்.

எட்டு நாளும் நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே சுவரோரமாக ஒரு மணி நேரம் நின்றார். வருகிற போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ஏதோ திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் காவலாளி அவரையே பார்த்தார்.

காவலாளிக்கு எங்கே தெரியும்?

அந்த வங்கிக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவனே மகன்தான். அப்போது கண்டக்டரிடம் போன் கிடையாது. படிவத்தில் தன் எண்ணையே எழுதிவிட்டான். இன்றுவரை அதை மாற்றவில்லை. அவர் எங்கே பணம் எடுத்தாலும் அடுத்த நிமிடம் அவனுக்குத்தான் செய்தி போகும், எந்தத் தெரு என்பது உட்பட.

அப்பாவின் போனை எடுக்காதவன் வங்கியின் செய்தியைப் பார்க்காமலா இருப்பான்?

மெஷின் நோட்டைத் தள்ளியது. பின்னாலேயே சீட்டு வந்தது.

நேற்று எடுத்தபோது மீதி இன்னொரு நோட்டுக்குத்தான் இருந்தது. இன்றைய சீட்டில் மூன்று மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை இருந்தது. ஓய்வூதியம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்தக் கணக்கின் எண்ணை அறிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

அவர் சீட்டை மறுபடி படித்தார். பார்த்திருக்கிறான். எட்டு நாளும் அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரவில்லை, பணம் போட்டிருக்கிறான்.

அவன் அம்மா கிடையில் கிடந்தபோதும் இதைத்தான் செய்தான். காரியத்துக்குக்கூட வராமல் பணம்தான் அனுப்பினான். பந்துக்கள் முன்னால் போனிலேயே கண்டக்டர் கத்தினார்.

“இனிமே உன் காசு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

அவனைத் தலைமுழுகிவிட்டதாக அன்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படியே நினைத்துவிட்டான். அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் அவர் கடல் தாண்டி வந்திருந்தார். நேரில் பார்த்தால்தானே சொல்ல முடியும்?

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கண்டக்டர் நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அட்டையைச் செருகினார். மெஷின் ஒரு தடவைக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய தொகை எதுவோ, அதை அழுத்தினார்.

அடுத்த நிமிடம் அவனுக்குத் தெரிந்துவிடும், அப்பா வாங்கிக்கொண்டார் என்று.