ஐம்பத்திரண்டாவது வியாழன்

மாமனார் வாஞ்சிநாதன் போனை எடுத்துவிட்டார். மணி எட்டாக ஐந்து நிமிடம்.

ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே கூத்து. அவள் வரைந்த பக்கத்தை இன்டர்நெட்டில் ஏற்ற வீட்டில் இருப்பது அந்த ஒரு டெலிபோன் லைன்தான். அது தெரிந்தேதான் மாமனார் சரியாக நேரம் பார்த்து லேக் மார்க்கெட்டில் இருக்கும் சிநேகிதர் மஹாதேவனைக் கூப்பிட உட்காருகிறார்.

பந்தயம் கட்டியவரும் அவரேதான்.

"கம்ப்யூட்டர்ல படக்கதையா? ஆமைக்குச் சிறகு ஒட்டறதுக்கா எம்.ஏ. படிச்சே?" என்று போன வருஷம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தார். "நாலு வாரம் தாங்காது."

"வாரம் ஒரு பக்கம், ஒரு வருஷம் போடறேன் மாமா."

"வியாழக்கிழமை ஒம்போது மணிக்குள்ள போடணும். ஒரு வாரம் தப்பினாலும் பேனாவைப் பரண்ல போட்டுட்டு பி.எட். சேரணும். சம்மதமா?"

"சம்மதம். நான் ஜெயிச்சா?"

"அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

அவள் ஜெயிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டதே அதற்காகத்தான்.

கதை இதுதான். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள டாக்குரியா ஏரிக்கு அடியில் ஒரு ராஜ்யம். அதைக் காவல் காக்கும் சிறகு முளைத்த ஆமை. அதன் ஓட்டில் பதிமூன்று சில்லு, ஒவ்வொரு சில்லிலும் வேறு வேறு கோலம். ஒரு பக்கத்தில் ஆமை ஆறு முறை வந்தால் எழுபத்தெட்டுக் கோலம்.

"ஒண்ணு வரைஞ்சு மத்த இடத்துல நகல் எடுத்து ஒட்டிடேன்" என்றான் கணவன் கிரிதர்.

"ஒட்டினா ஆமை மூச்சு விடாது" என்றாள்.

முதலில் பென்சில். அதன் மேல் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டுப் போடும் பேனா. நவராத்திரி பூஜை சமயத்தில் பந்தல் கூட்டத்தில் விழுந்து கட்டைவிரல் வீங்கியபோது, மற்ற இரண்டு விரலுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு வரைந்தாள். ஆடி மழையில் ஏரி நிஜமாகவே வாசற்படி ஏறி வந்தது, தன்னைப் பற்றி என்ன வரைகிறாள் என்று பார்க்க வந்ததோ என்னவோ. அந்த வாரம் கட்டில் மேல் பலகை போட்டுக்கொண்டு வரைந்தாள். ஐம்பத்தோரு வியாழன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

மை காயும் நேரம் பார்த்து மாமனார் பூதக்கண்ணாடியோடு வந்து நிற்பார். ஓரம் ஓரமாகக் குனிந்து பார்ப்பார்.

"குத்தம் கண்டுபிடிக்கறேளா மாமா?"

"கண்டுபிடிக்கணுமா என்ன? தானே தெரியறது."

இன்று கடைசி வாரம். மத்தியானம் மூன்று மணிக்குப் போன கரண்ட் ஏழரைக்குத்தான் வந்தது. அவசர அவசரமாக ஸ்கேன் செய்து முடித்தாள். ஏற்ற நாற்பது நிமிடமாவது ஆகும்.

"மாமா, லைன் வேணும்."

அவர் ரிசீவரைக் கையால் பொத்தினார். "பெரியவா பேசிண்டிருக்கோமில்லையா?"

எட்டு. எட்டு ஐந்து. கிரிதர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான். இந்தச் சண்டையில் அவன் எப்போதும் விளையாட்டுப் பக்கத்தின் கட்சி.

இனியும் மரியாதை பார்த்தால் ஐம்பத்தோரு வாரமும் வீண். ரோஹிணி விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போனாள். அங்கே அதே லைனில் இன்னொரு போன் இருந்தது. நடுவில் புகுந்து கேட்டேவிடுவது என்று எடுத்துக் காதில் வைத்தாள்.

"முதல்ல உனக்கு, அப்புறம்தான் ஊர் உலகத்துக்கு" என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். "கேளு. நாலாவது கட்டத்துல ஆமை தண்ணியை விட்டு மேல வந்துடுத்து. ஆனா முதுகுல, ஏழாவது சில்லுல, மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கம்ப்யூட்டர்ல பாக்கறவனுக்குத் தெரியாது. நான் கண்ணாடி வெச்சுப் பாத்தேன்."

பேச வாயெடுத்த ரோஹிணி அப்படியே நின்றாள். அந்த விரிசலை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் வரைந்திருந்தாள்.

"விரிசலா? அப்போ அது பிழைக்காதா?" என்றார் மஹாதேவன்.

"யாருக்குத் தெரியும்? அவகிட்டப் போய்க் கேக்க முடியுமா? அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் ஏதுடா? இன்னியோட உன் பந்தயம் முடியறதே. கண்ணு போனப்புறம் எனக்கு வாரத்துல இருக்கறதே ஒரு கிழமைதான். அவ வரையறதை நிறுத்திட்டா அதுவும் போயிடும்."

"நிறுத்த விடுவேனா? முதல்ல போனை வை, எட்டேகாலுக்குள்ள லைனை விட்டாத்தான் அவளுக்கு ஒம்போதுக்குள்ள ஏறும். நாளைக்குக் காலம்பற காபி குடிக்கறச்சே, 'முதல் வருஷம் ஏதோ அதிர்ஷ்டம், ரெண்டாவது வருஷம் உன்னால முடியாது'ன்னு ஒரு வார்த்தை விட்டாப் போதும். ரோஷக்காரிடா அவ."