நாற்பத்தொன்று

"இதை எழுதினது யாருன்னு கேக்கல சார். நாலு வரி ஏன் சேர்த்து எழுதலைன்னுதான் கேக்கறேன்."

கேட்டவள் நிரல்களைச் சோதிக்கும் பொறியாளர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அசெம்பிளி என்ற கணினி மொழியில் அந்த நிரலை எழுதியவர் எதிரே இருந்த மேலாளர்தான்.

நரம்பு வழியாக மருந்து செலுத்தும் பம்ப் தயாரிக்கிற கம்பெனி அது. வார்டு கணினியில் நர்ஸ் தட்டும் அளவு, பம்புக்கு வெறும் எழுத்துகளாகத்தான் வந்து சேரும். அவற்றை எண்ணாக மாற்றுவது இந்த நிரல். ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டிலிருந்தும் 48-ஐக் கழிக்கும். முன்பு வந்ததைப் பத்தால் பெருக்கி, அதோடு கூட்டும். வந்தது இலக்கம்தானா என்று மட்டும் பார்க்காது; அதற்கு வேண்டிய நாலு வரி அதில் இல்லை.

பத்து என்று தட்டப்போன நர்ஸின் விரல், சுழியத்துக்குக் கீழே இருந்த ஆங்கில 'ஓ'வில் பட்டுவிட்டது. பெரிய எழுத்தாக விழுந்த அதன் குறியீடு 79. நாற்பத்தெட்டு போக முப்பத்தொன்று. பத்தோடு அதைக் கூட்டி, நாற்பத்தொன்று என்று எடுத்துக்கொண்டது பம்ப். நோயாளி நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை. காலையில் மருத்துவமனையிலிருந்து வந்த பதிவில் பெயர் இல்லை, படுக்கை எண் மட்டும்தான். அதே எழுத்துகளை மேலாளர் கண்முன்னே பொறியாளரான அவள் மூன்று முறை தட்டிக் காட்டினாள். மூன்று முறையும் நாற்பத்தொன்று.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தப்பாகத் தட்டியது நர்ஸ்தானே என்றார். அவளை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, போலீஸும் விசாரிக்கிறது, நாம் ஏன் வலியப் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமாம்.

அவள் திரையில் நின்ற நாற்பத்தொன்றைக் காட்டினாள்.

"கை தவறத்தான் செய்யும் சார். இது எண்ணே இல்லைன்னு சொல்லி மெஷின் நின்னிருக்கணும். நிக்காம, கூட்டிப் பெருக்கி ஒரு ஆள் உடம்புல ஊத்தியிருக்கு."

தவறு பம்பில்தான் என்று மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தை மேசைமேல் அடித்து வைத்தாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் தானே அனுப்பப்போவதாகச் சொன்னாள். வேலை போய்விடும் என்றார் அவர். போகட்டும் என்றாள்.

"அந்த நர்ஸ் உனக்குச் சொந்தமா?"

"இல்ல."

"அப்புறம் உனக்கு என்னம்மா வந்தது? நோயாளி வீட்டு ஆளுங்களே அவ மேலதான் புகார் குடுத்திருக்காங்க. அவங்களுக்கே வராத சந்தேகம் உனக்கு எதுக்கு?"

"அந்தப் புகாரை எழுதினதே நான்தான் சார்," என்றாள். "அங்க படுத்திருக்கிறது எங்கப்பா."