தலைநகரம் வெலிங்டன்

"நியூசிலாந்துக்குத் தலைநகரம் எது?"

"ஆக்லாந்து."

"அது பெரிய ஊரு. தலைநகரம் வேற. நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்?"

கனிஷ்கா கண்ணை மூடி யோசித்தாள். "வெலிங்டன்" என்றாள். உடனே கண்ணைத் திறந்து, "குன்னூர் பக்கத்துல இருக்கே, அந்த வெலிங்டனா மாமா?" என்று கேட்டாள்.

"இல்ல. பேரு மட்டும்தான் ஒண்ணு. இது கடலுக்கு அந்தாண்ட."

"அந்த வெலிங்டனா இருந்தா பஸ்லயே போய்ட்டு வந்துடலாம்."

விஜயன் பக்கத்தைப் புரட்டினான். ஆங்கிலம் கற்பவர்களுக்கான பொது அறிவுப் புத்தகம் அது. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் முடிந்து கடைசி ஆறு பக்கம்தான் நியூசிலாந்து. அந்த ஆறு பக்கமும் ஓரம் மடங்கிக் கிழிந்திருந்தது.

தேவாலாவுக்கு மேலே, அவன் வேலை பார்த்த எஸ்டேட்டில் ஃபேக்டரியைப் பூட்டிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. தேயிலை விலை விழுந்ததும் முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். மழை பெய்தால் அவரும் வருவதில்லை. தேவாலாவில் மழை பெய்யாத நாள் ஏது?

விஜயனின் அக்கா ராஜகுமாரியும் அவள் கணவர் தரணிதரனும் ஆக்லாந்தில் இருந்தார்கள். கனிஷ்காவை அனுப்பிவிடும்படி அக்காதான் எழுதினாள். ஏழு வயதாகிறது, இப்போதே வந்தால்தான் அங்கத்திய படிப்பு ஒட்டும் என்றாள். விசாவுக்குக் குழந்தையை நேரில் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று ஏஜென்ட் சொன்ன நாளிலிருந்து, இரண்டு மாதமாக, சாயங்காலமானால் இதுதான் வேலை.

"உங்க அப்பா பேரென்ன?"

கனிஷ்கா புத்தகத்தின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"யோசிக்கக் கூடாது. கேட்டதும் டக்குனு வரணும்."

"தரணிதரன்."

"அம்மா?"

"ராஜகுமாரி. ரெண்டு பேரும் ஆக்லாந்துல இருக்காங்க. அப்பா மெக்கானிக்."

"இங்க யார்கூட இருக்கே?"

"மாமாகூடயும் அத்தைகூடயும்."

அடுப்படியில் இருந்த அவன் மனைவி வாசுகி சட்டென்று எழுந்து பின்பக்கம் போனாள். விஜயனும் பின்னாலேயே போனான். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏங்க, வேண்டாம்னு எழுதிட்டா என்ன?"

"இங்க வச்சிருந்து என்ன பண்றது வாசுகி? கொழுந்து பறிக்கலாம்னாகூட எஸ்டேட் இல்ல."

"நாமளும் திருப்பூர் போவோம். போனவங்க பொழைக்கலயா?"

"நம்ம லயத்துலேருந்து போன பழனியாண்டி மகளைத் திருப்பூர்ல பார்த்துட்டுத்தானே வந்தே? பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்தை விட்டுட்டு நூல் வெட்டிக்கிட்டு இருக்கு."

வாசுகி தொட்டியில் தண்ணீர் மொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, "அவளுக்கு ரசஞ்சோறு குழையப் பிசைஞ்சு குடுத்தாத்தான் எறங்கும். உங்க அக்காவுக்கு அதையாவது எழுதிப் போடுங்க" என்றாள்.

சென்னையில் விசா அலுவலகத்துக்கு அவன் மட்டும்தான் அழைத்துப்போனான். வாசுகி வரவில்லை. வந்தால் அங்கே அழுதுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

அதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மாள். கனிஷ்காவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, மெதுவான ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தலைநகரம் எது? பறக்கத் தெரியாத அந்த ஊர்ப் பறவை எது? கிறிஸ்துமஸ் அங்கே குளிர்காலத்தில் வருமா, வெயில்காலத்தில் வருமா?

கனிஷ்கா ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். எதிலும் தடுமாறவில்லை. விஜயனின் மனம் என்னவோ எதிர்ப்பக்கமாக ஓடியது. ஒன்றே ஒன்று தப்பாகச் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. ஆக்லாந்து என்றே சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு மாதம் உருப்போட வைத்ததும் அவன்தான்.

அப்பா பெயர், அம்மா பெயர் கேட்டபோதும் அவள் யோசிக்கவில்லை. டக்கென்று வந்தது.

"பக்கத்தில் இருக்கிறாரே, இவர் யார்?" என்று கடைசியாகக் கேட்டாள் அந்த அம்மாள்.

"மாமா" என்றாள் கனிஷ்கா, அவன் பக்கம் திரும்பாமலே.

அதிகாரி சிரித்தாள். "கெட்டிக்காரப் பெண். சீக்கிரமே நீ உன் அப்பா அம்மாவோடு இருக்கலாம்" என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே தெருவில் வெயில் கொளுத்தியது. விஜயன் நடந்துகொண்டே, வாசுகிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தான். கனிஷ்கா அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன்ல?"

"சொன்னே."

"எதுவும் தப்பில்லையே?"

"இல்லடா கண்ணு."

அவள் அலுவலக வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்ப, ஏரோப்ளேன் ஏறுற வரைக்கும், மறுபடியும் உங்களை அப்பான்னே கூப்பிட்டுக்கட்டுமா?"